அடைக்கோழியும் அயற்குஞ்சுகளும்

முட்டையிட்டு, அடைகாத்து, குஞ்சு பொரித்து, அவற்றைத் தன் சிறகின்கீழ் அணைத்து வளர்க்கும் கோழியின் இயல்பைச் சிற்றூரிற் பிறந்தார் யாவரும் அறிவர். ஆயின், தான் பொரிக்காத குஞ்சுகளை, எங்கிருந்தோ பெட்டியில் வந்தவற்றை, ஒரு கோழி தன் பிள்ளைகளாக ஏற்றுக்கொள்ளுமோ என்று வினவினால், ஏற்கும் என்பாரும் கொத்திக் கொன்றுவிடும் என்பாருமாக இரு திறத்தாரைக் காண்கின்றோம். இரு திறத்தார் கூற்றும் உண்மையே. எந்நிலையில் ஏற்கும், எந்நிலையிற் கொல்லும் என்பதே அறியத்தக்கது. விடுதியில் உறையும் நண்பர் பலர்க்குக் கோழியோடுள்ள பழக்கம் ஞாயிற்றுக்கிழமை நண்பகலில் இலையின்மேல் மட்டுமே என்பதை யாம் அறிவோம். எனினும் சென்ற கோடை விடுமுறையில் எம் அறியாமையால் ஒரு சிற்றுயிர் மாண்டது. அதன் பின்னரே இப்பொருளைப் பற்றி வினவவும் படிக்கவும் தொடங்கினோம். ஆதலின் அந்நிகழ்ச்சியை முதற்கண் கூறுவாம்.

எம் ஊர் திருநெல்வேலிச் சீமையில், பனையும் உடையும் மிக்க செம்மணற் பாங்கில் உள்ளது. எம் பாட்டியார் ஏழெட்டு நாட்டுக்கோழிகள் வளர்க்கின்றார். மே மாதத் தொடக்கத்தில் உறவினர் ஒருவர், மின்பொறியிற் பொரிக்கச் செய்த நாட்டுக்கோழிக் குஞ்சுகள் பன்னிரண்டை அட்டைப் பெட்டியொன்றில் இட்டுக் கொண்டுவந்து தந்தார். அவை பொரித்து ஒரு நாளே ஆகியிருந்தது. மின்விளக்கின்கீழ் வைத்துக்கொள்ளும்படி சொல்லிவிட்டு அவர் அடுத்த பேருந்திற் சென்றுவிட்டார். எம் ஊர் மின்சாரமோ காற்றுச் சிறிது வலிந்து வீசினும் நின்றுவிடும் இயல்பினது. பிறந்த வாரத்திற் குஞ்சுக்குச் செண்டிகிரேடு 35 பாகையளவு வெம்மை வேண்டும். வாரந்தோறும் மூன்று பாகையாகக் குறைத்து வரலாம். இரவில் ஒரு மணி நேரம் விளக்கு அவிந்தாலும் குஞ்சுகள் ஒன்றன்மேலொன்று ஏறி நெருங்கி, அடியிற் கிடப்பவை மூச்சுத் திணறி இறக்கும்.

அப்பொழுது வீட்டில் இரண்டு அடைக்கோழிகள் இருந்தன. கரும்பெட்டை ஒன்று அடுக்களையின் பின்புறத்தே மணல் பரப்பிய சட்டியில் எட்டு முட்டைகளின்மேல் பதினாறு நாளாய் அமர்ந்திருந்தது. ஈஸ்டர் பண்டிகைக்கு முன்னரே சேவலை விற்றுவிட்டமையால் அம்முட்டைகளுள் ஒன்றேனும் கருக்கொள்ளவில்லை. இருளில் விளக்கொளிக்கு நேரே பிடித்துப் பார்த்தபொழுது எட்டும் கூமுட்டை என்பது தெளிவாயிற்று. மற்றொன்று செம்பெட்டை. அது முன்னாள் மாலையிலேதான் கேறத் தொடங்கியது. கரும்பெட்டை சினமுடையது, அருகே சென்றால் உடல் முழுதும் சிலிர்த்துக் கையைக் கொத்தும். செம்பெட்டையோ எம் உள்ளங்கையிலிருந்து குறுநொய் தின்னும் சாதுவான கோழி. சாதுவானதே நல்ல தாயாகும் என்று யாமாகக் கருதிக்கொண்டோம். பாட்டியார் சந்தைக்குச் சென்றிருந்தார். நண்பகல் வெயிலில், முற்றத்தில், செம்பெட்டையின் முன்னே பெட்டியைக் கவிழ்த்துப் பன்னிரண்டு குஞ்சுகளையும் விட்டோம்.

அக்கோழி எழுந்து நின்றது. கழுத்து மயிர் விரிந்தது. தன்னை நோக்கி ஓடிவந்த மஞ்சட் குஞ்சொன்றின் தலையில் மும்முறை கொத்தியது. யாம் பாய்ந்து அதனை எடுப்பதற்குள் குஞ்சின் மண்டையிற் குருதி கசிந்துவிட்டது. மற்றவை முற்றமெங்கும் சிதறி ஓடின. காகங்கள் கூரையில் வந்து அமர்ந்தன. தேடிப் பொறுக்கிப் பெட்டியில் இட்டு எண்ணியபொழுது பத்தே இருந்தன. ஒன்றைக் காகம் கொண்டு போயிற்று என்றே எண்ணினோம். அடிபட்ட குஞ்சு பொழுது சாய்வதற்குள் எம் கையிலேயே உயிர் விட்டது.

பாட்டியார் திரும்பி வந்து அதனைப் பார்த்தார். “ஏல, பட்டப்பகல்ல, அதுவும் நேத்து அடைக்கு உக்காந்த கோழிகிட்டயா கொண்டு விட்டே? அது கொத்தத்தான் செய்யும். இருக்கிறதைப் பத்திரமா மூடி வை. பொழுது அடையட்டும்” என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. இவ்வொரு மொழியில் எம் குற்றங்கள் இரண்டும் அடங்கியிருந்தமையைப் பின்னரே உணர்ந்தோம்.

நேற்று அமர்ந்த கோழி ஏன் தகாது? முட்டையிடுங் கோழி வேறு, அடைக்கோழி வேறு என்று சொல்லுமளவிற்கு அதன் உடல் மாறுகின்றது. மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி என்னுஞ் சிறு சுரப்பியினின்று புரோலாக்டின் என்னும் நீர் குருதியில் மிகுகின்றது. பாலூட்டும் உயிர்களிற் பால் ஊறுதற்குக் காரணமாவதும் அதுவே. 1935-ஆம் ஆண்டில் ஆஸ்கார் ரிடில் என்னும் அமெரிக்க அறிஞரும் அவருடன் உழைத்தாரும் இந்நீரை முட்டையிடுங் கோழிகளுக்கு ஊசி வழியாகச் செலுத்தி, அவை அடையில் அமரக் கண்டனர். இதன் வயப்பட்ட கோழி முட்டையிடுவதை நிறுத்திவிடும். மார்பின் இறகு உதிர்ந்து வெறுந்தோல் வெளிப்படும். உடலின் வெம்மை தடையின்றி முட்டையைச் சேர்வது அத்தோலின் வழியாகவே. நாளுக்கு ஒருமுறை எழுந்து, விரைவாய் இரை தின்று, நீர் பருகி, மீண்டும் வந்து அமரும். முட்டையிட்டபின் கொக்கரித்த வாய் இப்பொழுது ‘கிளுக், கிளுக்’ என்று தாழ்ந்த குரலிற் கேறும். இம்மாற்றங்கள் ஒரு பொழுதில் முற்றுவன அல்ல. முதல் இரண்டொரு நாள் கோழி அடையில் அமர்வதும், மனம் மாறி எழுந்து மேயப் போவதுமாக இருக்கும். அந்நிலையில் அதற்கு முட்டையின்மேலேயே முழுப் பற்று உண்டாகவில்லை. குஞ்சின்மேல் எங்ஙனம் உண்டாகும்?

கோழி முட்டை பொரிப்பதற்கு 21 நாள் ஆகும். இரு வாரத்திற்கு மேல் அடையிலிருந்த கோழியே அயற்குஞ்சுகளை ஏற்பதற்குத் தக்கது. கையை மெல்ல அதன் அடியிற் செலுத்தினால் எழுந்தோடாமல், உடலைப் பரப்பிச் சிலிர்த்து உறுமுவதாயின் அது திண்ணமாய் அமர்ந்த கோழியென்று கொள்ளலாம். கரும்பெட்டை எம் கையைக் கொத்திய சினமே அதன் தகுதிக்குச் சான்றாயிருந்தது. யாமோ அதனைக் குறையென்று தள்ளினோம். முட்டைக்கெனவே தேர்ந்து பெருக்கப்பட்ட லெக்ஹார்ன் முதலிய இனங்களில் அடையியல்பு பெரும்பாலும் அற்றுவிட்டது. நாட்டுக்கோழி முட்டை குறைவாக இடுகிறதென்று பழிப்பார், இவ்வொரு வரவையும் கணக்கிற் சேர்த்தல் வேண்டும் என்பது எம் கருத்து.

இனி இரண்டாங் குற்றம். இதனை விளங்கிக்கொள்ளுதற்குக் கோழி தன் குஞ்சை எதனால் அறிகின்றது என்று காண வேண்டும். கண்ணால் என்றே நாம் கருதுவோம், உண்மை அதுவன்று. 1934-ஆம் ஆண்டில் ஜாகோப் வான் உக்ஸ்கூல் என்பார் ஜெர்மன் மொழியில் வெளியிட்ட நூலொன்றில் இதற்கொரு சான்று காட்டுகின்றார். காலிற் கயிறு கட்டப்பட்ட குஞ்சு ஒரு மறைப்பின் பின்னின்று கதறினால், அதனைக் காணாமலே தாய்க்கோழி சிலிர்த்துக்கொண்டு ஓடிவருகின்றது. அதே குஞ்சைக் கண்ணாடிக் கூண்டினாற் கவித்து, அது துடிப்பது நன்கு தெரியும்படியும் குரல் கேளாதபடியும் வைத்தால், தாய் அதனைப் பொருட்படுத்தாமல் அருகிலேயே மேய்ந்துகொண்டிருக்கின்றது. வான்கோழியைப் பற்றி 1960-இல் ஷ்லைட் என்பாரும் உடனாய்ந்தாரும் கண்டது இதனினும் கடியது. செவிப்புலன் நீக்கப்பட்ட வான்கோழிகள் தம் முட்டைகளை முறையே அடைகாத்துப் பொரித்தன. பொரித்தவுடன் தம் குஞ்சுகளையே கொத்திக் கொன்றன. குரல் கேளாத தாய்க்குக் குஞ்சு, கூட்டில் நுழைந்த பகையாகவே தோன்றியது. செவியுள்ள தாயோ அக்குரல் கேட்டுக் கொத்தாமல் நிற்கும்.

இக்குரற்பழக்கம் பொரிப்பதற்கு முன்னரே தொடங்குகின்றது. பொரிப்பதற்கு ஒன்றிரண்டு நாளின்முன் குஞ்சு ஓட்டினுள்ளிருந்தே ‘கீச்’சென்று குரல் கொடுக்கும், மேலமர்ந்த தாய் மெல்லக் கேறி விடையிறுக்கும். பின்னர் அதன் மார்பின்கீழே சிறிது அசைவு, ஈரம், மீண்டும் குரல். இங்ஙனமே ஒரு கோழிக்குக் குஞ்சு வருகின்றது. இருளிலிருந்து, உடலின் அடியிலிருந்து, குரலோடு எழுகின்றது. வெயிலில் எதிரே நடந்து வருவதில்லை. யாம் நண்பகலில் விட்ட பன்னிரண்டும் அக்கோழிக்குக் குஞ்சுகளாய் வரவில்லை. தன் இடத்தைப் பறிக்க வந்த பன்னிரண்டு அயலுயிர்களாகவே வந்தன. பாட்டியார் பொழுது அடையட்டும் என்றதன் பொருள் இதுவேயாம்.

இரவு எட்டு மணிக்கு மேல் பாட்டியார் சிறு விளக்கொன்றைத் துணியால் மறைத்து எம் கையிற் கொடுத்து, பின்னே நிற்கும்படி பணித்தார். கோழிக்கு இரவிற் பார்வை மிகக் குறைவு. வெளிச்சம் நேரே படாதவரை அது கலங்குவதில்லை. குஞ்சுகளைக் கதகதப்பாயிருக்குமாறு தம் சேலைத் தலைப்பில் முன்னரே முடிந்து வைத்திருந்தார். குளிர்ந்த குஞ்சை மார்பில் வைத்தால் கோழி திடுக்கிட்டெழும் என்றார். ஒரு கையாற் கரும்பெட்டையின் பின்புறமாக ஒரு முட்டையை மெல்ல உருவினார். மறுகையால் அவ்விடத்தில் ஒரு குஞ்சைச் செலுத்தினார். கோழி உறுமியது. சிறிது நேரம் கழிந்தது. அடியிலிருந்து ‘கீச்’சென்ற ஒலி எழுந்தது. உறுமல் நின்றது. பிறகு, பதினாறு நாளும் யாம் கேளாத ஒரு குரலில், மிகத் தாழ்வாக, அக்கோழி கேறியது. பாட்டியார் எம்மைத் திரும்பிப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. கால்நாழிகை பொறுத்து மற்றொன்று. இவ்வாறு ஆறு குஞ்சுகளை வைத்தபின் சிறிது நேரம் வெளியே வந்து அமர்ந்திருந்து, கோழி அமைதியாயிருத்தல் கண்டு, எஞ்சிய நான்கையும் வைத்தார். முட்டைகளுள் இரண்டை மட்டும் எடாமல் விட்டார். முட்டை முழுதும் ஒருங்கே மறைந்தால் கோழிக்கு ஐயம் பிறக்கும் என்பது அவர் கருத்து. உண்மையில் முட்டை பொரிவதும் ஒருங்கே நிகழ்வதன்று. ஆகையால் இதிலும் இயற்கையின் முறையே பின்பற்றப்பட்டது எனலாம்.

இரவு முழுதும் இரையின்றிக் குஞ்சுகள் வருந்தாவோ என்று யாம் வினவினோம். பொரிப்பதற்குச் சற்று முன்னர் மஞ்சட்கருவின் எச்சம் குஞ்சின் வயிற்றினுள் இழுக்கப்படுகின்றது. இரண்டு மூன்று நாள் அதுவே உணவாகும். முதலிற் பொரித்த குஞ்சு, கடைசிக் குஞ்சு பொரியும்வரை தாயின்கீழ்ப் பசியின்றிக் காத்திருத்தற்கு இவ்வேற்பாடு அமைந்திருக்கின்றது. நாள் முதிராத குஞ்சுகளைப் பெட்டியிலிட்டுத் தொலைதூரம் அனுப்புதல் இயலுவதும் இதனாலேதான். 1918 முதல் அமெரிக்க நாட்டுத் தபாற்சாலைகள் அவ்வாறு அனுப்ப ஒப்புக்கொண்டன.

விடியற்காலையே முதன்மையான சோதனை. ஒளி பரவுவதற்கு முன்னரே சென்று காத்திருத்தல் வேண்டும். யாம் நான்கரை மணிக்கே எழுந்து சட்டியருகே அமர்ந்தோம். வெளுத்து வருகையிற் கரும்பெட்டையின் சிறகினூடே ஒரு சிறு தலை எட்டிப் பார்த்தது. கோழி அதனைக் குனிந்து நோக்கிற்று. எம் நெஞ்சு அடித்துக்கொண்டது. அதன் மூக்கருகே ஒருமுறை மெல்லத் தொட்டுவிட்டுத் தலையை எடுத்துக்கொண்டது. மெல்லத் தொடுதலும் ஒருமுறை தட்டுதலும் அஞ்சத்தக்கன அல்ல. எழுந்து நின்று விறைத்து நோக்குவதும், தலையைக் குறிவைத்துக் கொத்துவதுமே தீக்குறிகள். அவ்வாறு காணின் நொடியும் தாழாது குஞ்சுகளை எடுத்துவிட வேண்டும். நொய்யைத் தூவியபொழுது கரும்பெட்டை தான் தின்னாமல், ஒரு மணியைக் கவ்விக் கீழிட்டு, மீண்டும் கவ்வி, விரைந்த குரலில் அழைத்தது. குஞ்சுகள் ஓடிவந்தன. இவ்வழைப்புக் கேட்டபின் அஞ்சவேண்டுவதில்லை என்றார் பாட்டியார்.

இரண்டு நாள்வரை தாயையும் குஞ்சுகளையும் பஞ்சாரத்தினாற் கவித்து வைத்தோம். அகன்ற தட்டில் நீரிட்டுக் கூழாங்கற்களைப் பரப்பினோம்; இன்றேல் குஞ்சுகள் நீரில் விழுந்து நனைந்து விறைக்கும். கோழியின் இறகினடியிற் பேன் உண்டோ என்று முன்னரே பார்த்திருந்தோம். மற்றொன்றும் இங்குக் குறிக்கத்தக்கது. இரண்டு மூன்று நாள் கழிந்தால் தாய் தன் குஞ்சுகளை நிறத்தாலும் அறியத் தொடங்கும். பின்னர் வேறு நிறத்துக் குஞ்சைச் சேர்த்தால் அதனைத் துரத்துதலும் உண்டு. ஆகையாற் பல நிறக் குஞ்சுகளாயின் யாவற்றையும் ஓரிரவிலேயே சேர்த்துவிட வேண்டும்.

இவ்வுண்மை புதியதன்று. கி.பி. முதல் நூற்றாண்டில் இலத்தீன் மொழியிற் பயிர்த்தொழிலைப் பற்றி எழுதிய கொலுமெல்லா, இரண்டு மூன்று கோழிகளின் குஞ்சுகளை நற்றாயாகிய ஒரு கோழியினிடம் ஒப்புவிக்கலாம் என்றும், தாய் தன்னுடையதையும் அயலதையும் வேறு பிரித்தறியாத முதல் நாளிலேயே அதனைச் செய்யவேண்டும் என்றும் கூறுகின்றார். அவர் பெயரை எம் பாட்டியார் கேட்டதில்லை. நம் சங்கப் புலவர்களும் கோழியின் குரலைக் கூர்ந்து கேட்டவர்களே. குறுந்தொகை 139-ஆம் பாட்டில் ஒக்கூர் மாசாத்தியார், மாலைப்பொழுதில் வேலியருகே காட்டுப்பூனை வந்ததென்று அஞ்சி மனைக்கோழிப் பேடை தன் குஞ்சுகளை அழைப்பதைக் காட்டுகின்றார். அங்கு அவர் ஆளும் ‘பயிர்தல்’ என்னுஞ் சொல் பறவை தன் இனத்தைக் குரலால் அழைத்தலைக் குறிப்பது. வகுப்பில் அதனைப் படித்தபொழுது யாம் உவமையை மட்டும் குறித்துக்கொண்டோம். சொல்லை விடியற்காலையிற் சட்டியருகேதான் உணர்ந்தோம். எருசலேமை நோக்கி நம் ஆண்டவர் கூறிய உவமையிலும் சேர்த்தணைக்க விரும்பும் கோழியும், வர மனமில்லாத பிள்ளைகளும் உண்டு. அதன் பிற்பகுதியும் எம் வீட்டிற் காணக்கிடைத்தது.

நான்காம் நாட்காலை உள்ளறை மரப்பெட்டியின் பின்னிருந்து குஞ்சுக்குரல் ஒன்று கேட்டது. காகம் கொண்டுபோயிற்றென்று யாம் எண்ணிய பன்னிரண்டாங் குஞ்சு, ஒரு மண்கலயத்திற் பழந்துணி சுற்றி வைக்கப்பட்டிருந்தது. செம்பெட்டை கொத்தியதைக் கண்ட எம் தங்கை, எல்லாவற்றையும் யாம் கொல்லவே போகின்றோம் என்று அஞ்சி, ஒன்றை எடுத்து ஒளித்திருக்கின்றாள். மூன்று நாளும் தன் மடியிலும் கழுத்தடியிலும் வைத்து அதற்கு வெம்மை ஊட்டியிருக்கின்றாள். அவள் மேற் சினங்கொள்ளும் உரிமை எமக்கு இல்லை.

அன்றிரவே பாட்டியார் அதனையும் கரும்பெட்டையின்கீழ் வைத்தார். கோழி மறுக்கவில்லை, மெல்லக் கேறவுஞ் செய்தது. ஆனால் விடிந்ததும் அக்குஞ்சு சிறகினின்றும் வெளிப்பட்டு, பஞ்சாரத்தின் ஓரத்திற் கழுத்தை நீட்டி நின்று, வாயில்நோக்கிக் கதறியது. கோழி இரைக்கழைத்தபொழுது பத்தும் ஓடின. இஃது ஒன்று ஓடவில்லை. தங்கையின் பாவாடையைக் கண்டவுடன் அடங்கியது. மூன்றிரவு முயன்றும் பயனில்லை. தாய் ஏற்றால் போதும், குஞ்சு தானே ஒட்டிக்கொள்ளும் என்றே அதுவரை யாம் நினைத்திருந்தோம். குஞ்சும் தாயை ஏற்கவேண்டும். அதற்கும் ஒரு காலவெல்லை உண்டு. டக்ளஸ் ஸ்பால்டிங் என்னும் ஆங்கிலேயர் 1873-ஆம் ஆண்டில் இதனை எழுதினார். பொரித்த குஞ்சுகளின் கண்களை மூடிவைத்துப் பின்னர்த் திறந்தபொழுது, முதல் இரண்டொரு நாளிற் திறக்கப்பட்டவை அசையும் எப்பொருளையும், அவர் காலையும்கூட, தாயென்று பின்தொடர்ந்தன. ஏறத்தாழ நான்கு நாள் மூடப்பட்டிருந்தவை அவரைக் கண்டதும் அஞ்சி ஓடின. எம் தங்கையின் குஞ்சு தன் தாயை முன்னரே தேர்ந்துகொண்டுவிட்டது. நான்காம் நாளில் வந்த கரும்பெட்டை அதற்கு அச்சந்தரும் ஒரு பெரிய பறவையே.

கல்லூரி திறக்கும் நாளிற் பத்தனுள் ஒன்றைப் பருந்து கொண்டுபோயிருந்தது; ஒன்பது நன்கு வளர்ந்தன. தங்கையின் குஞ்சு மற்றவற்றோடு மேயும்; பொழுது சாய்ந்தால் மட்டும் கூட்டிற்குப் போகாமல் அவள் படிக்கும் சன்னலின் மேற் சென்று அமரும். அது பெட்டையாகி, கிறிஸ்துமஸ் முடிந்தபின் முட்டையிடத் தொடங்கியதென்று அவள் எழுதியிருந்தாள். தாயின் குரல் கேளாமல் வளர்ந்த கோழி அடையில் அமருமோ, அமர்ந்தாற் குஞ்சின் குரலை அறியுமோ என்றும் வினவியிருந்தாள். யாம் விடையெழுதுமுன் மற்றொரு கடிதம் வந்தது. அதில், அது மூன்று நாளாய்க் கேறுகின்றதென்றும், பாட்டியார் அடுக்களையின் பின்புறத்தே கரும்பெட்டை அமர்ந்திருந்த சட்டியிலேயே புதுமணல் பரப்பி, ஒன்பது முட்டைகளை எடுத்து வைத்திருக்கின்றாரென்றும் எழுதியிருந்தாள்.